ஒயர் ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா? எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடுகிறது. காலையில் ஆரம்பித்தால் கரண்ட் போகிறவரை நிற்காது. சில வருஷங்களுக்கு முன்னால், எல்லோரும் ஆகா ஓகோ என்று புகழ்கிறார்களே என்று ஒரு ஹெட்போன் வாங்கினேன். காதுமடல் முழுவதையும் மூடுகிற பெரிய சைஸ், வெளிப்பக்கம் வலை மாதிரி திறந்திருக்கும் வகை. மாட்டிக்கொண்டு ஒரு வயலின் கச்சேரியைப் போட்டேன். வயலினுக்குப் பக்கவாத்தியமாகத் தறியே வாசித்தது. ஏமாந்துவிட்டோம் என்று மூட்டை கட்டி வைத்தேன்.

அப்புறம் ஒரு விடுமுறைக்கு ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது அதையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். ராத்திரி ஒன்பது மணி, சுற்றிலும் காபித் தோட்டம், பூச்சிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அதே ஹெட்போன், அதே கச்சேரி. தம்புரா எங்கிருந்து வருகிறது, மிருதங்கம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டலாம் போல இருந்தது. ஹெட்போன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நான்தான் வீட்டையும் தறியையும் கணக்கில் சேர்க்காமல் வாங்கியிருக்கிறேன்.

அதனால் இந்த வழிகாட்டி விலையிலிருந்து தொடங்காது.

ஒரு சொல் விளக்கம். நம்ம ஊர்க் கடைகளில் எல்லாமே ‘ஹெட்செட்’தான். இங்கே காதுத் துளைக்குள் நுழைவதை இயர்போன் என்றும், தலைக்கு மேல் வளையம் போட்டு மாட்டுவதை ஹெட்போன் என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் படி: உங்களைச் சுற்றி என்ன சத்தம்?

பாட்டுக் கேட்கும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். டவுன் பஸ், ஆபீஸ், மொட்டை மாடி, ராத்திரி படுக்கை என்று எதுவாக இருந்தாலும் சரி. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று இடம்தான் தேறும். அதில் எது அதிக நேரம் என்று பாருங்கள். வாங்குவது அந்த இடத்துக்குத்தான்.

பஸ், ரயில், தறிச் சத்தம், கடைத்தெரு என்றால் காதை அடைக்கும் இயர்போன்தான் முதல் தேர்வு. துளைக்குள் ரப்பர் மூக்கு சரியாக உட்கார்ந்தால் வெளிச்சத்தம் கணிசமாகக் குறையும். பேட்டரி இல்லாமலே இந்த வேலை நடக்கும். பஸ் எஞ்சினின் அடிக்குரல் உறுமல் மட்டும் கொஞ்சம் உள்ளே வரும், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் கேட்பவர்களுக்கு இரண்டு வழி. மூடிய வகை ஹெட்போன் வெளிச்சத்தத்தைக் குறைக்கும், உங்கள் பாட்டும் பக்கத்தில் தூங்குபவருக்குக் கேட்காது. திறந்த வகையில் ஒலி காற்றோட்டமாக, தலைக்கு வெளியே விரிந்த மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். குக்கர் எத்தனை விசில் என்று எண்ண வேண்டியவர்களுக்கு அதுவே ஒரு வசதி.

இங்கே சேலத்துக்காரர்கள் மறக்கிற ஒரு விஷயம், ஃபேன். ஏப்ரல், மே மாதங்களில் ஃபேனை ஐந்தில் வைக்காமல் யாரும் உட்கார முடியாது. அந்தக் காற்றுச் சத்தத்தில் திறந்த வகையின் மென்மையான பகுதிகள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய வகைக்கு வேறு தொல்லை: செயற்கைத் தோல் மெத்தைக்குள் காது வெந்து போகும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். வெல்வெட் துணி மெத்தை இருந்தால் வியர்வை குறையும், பதிலுக்குக் கொஞ்சம் பேஸும் (அடிக்குரல் ஒலி) வெளிச்சத்தத் தடுப்பும் போகும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. டிசம்பரில் மூடிய ஹெட்போன் காதுக் குல்லாயாகவும் உதவும்.

காதுமடல் மேல் உட்காரும் சின்ன ஹெட்போன் என்று மூன்றாவது ஒன்று உண்டு. விலை குறைவு, எடை குறைவு. ஆனால் தோடு போட்டிருப்பவர்களுக்கு அது நரகம். மெத்தை தோட்டை அழுத்த, திருகாணி பின்னால் போய்க் குத்தும். என் அக்கா பத்து நிமிஷத்தில் தூக்கிப் போட்டுவிட்டாள். தோடு, மூக்குக்கண்ணாடி இரண்டும் உள்ளவர்கள் காதைச் சுற்றி மூடும் பெரிய மெத்தைக்கோ இயர்போனுக்கோ போய்விடுவது நல்லது.

இரண்டாவது படி: எதில் செருகப் போகிறீர்கள்?

போனில் 3.5 மி.மீ. துளை இருந்தால் அதிர்ஷ்டசாலி. 2016இல் ஐபோன் 7 அந்தத் துளையை எடுத்தது, மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. துளை இல்லாவிட்டால் டைப்-சி மாற்றி வேண்டும். ‘டாங்கிள்’ என்று கேட்டால் தருவார்கள். இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள்.

டாங்கிள் இரண்டு ஜாதி. ஒன்றில் உள்ளே வெறும் ஒயர்தான். போனே பாட்டை மின் அலையாக மாற்றி அந்த டைப்-சி வாயில் தள்ளினால்தான் அது பேசும். பல போன்கள் அப்படித் தள்ளுவதில்லை, அவற்றில் செருகினால் மௌனம்தான். இன்னொன்றில் டாக் எனப்படும் சின்ன சிப் இருக்கும், எண்களாக வருவதை ஒலியாக மாற்றும் வேலையை அதுவே செய்யும். கடையில் “டாக் இருக்கிற டாங்கிளா?” என்று கேளுங்கள். பதில் சொல்பவர் முழித்தால் உங்கள் போனிலேயே செருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் நல்ல சரக்கு. ஆனால் பல ஆண்ட்ராய்ட் போன்களில் அதன் சத்தம் முழு அளவுக்கு ஏறாது, ஆகவே ஆண்ட்ராய்ட்காரர்கள் வேறு பார்ப்பது மேல்.

டைப்-சி பின்னே நேரடியாக வைத்த இயர்போன் வாங்கலாமா? நான் வாங்க மாட்டேன். பின் போனால் மொத்தமும் போகும், பழைய லேப்டாப்பில் செருக முடியாது. 3.5 இயர்போனும் தனி டாங்கிளும் இருந்தால் எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம்.

வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதில் தடித்த 6.3 மி.மீ. துளை இருக்கும். அதற்கு ஒரு சின்ன மாற்றி போதும், செலவு அற்பம். ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தக் காலத்து ஆம்ப்களின் ஹெட்போன் துளையில் மின்தடை அதிகமாக இருப்பதுண்டு. ஓம் குறைந்த ஹெட்போனை அதில் செருகினால் பேஸ் வீங்கியோ குரல் மாறியோ கேட்கலாம். கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது படி: பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

பெட்டியில் பத்து எண் இருந்தாலும் நமக்கு வேண்டியவை இரண்டுதான்.

முதலாவது ஓம், அதாவது மின்தடை. போனுக்கும் சாதாரண டாங்கிளுக்கும் 16 முதல் 64 ஓம் வரை உள்ளவை பொருந்தும். கணக்கு எளிது. மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் கிடைப்பது சக்தி. டாங்கிள் 1 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறக்குறைய 31 மில்லிவாட் போகும். 300 ஓம் ஹெட்போனுக்கு 3.3 மில்லிவாட்தான். பத்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் சத்தம் சுமார் 10 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைவு. சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்போன் யாராவது பழையதாக விலை மலிவாகக் கொடுத்தால் சபலப்படும். வாங்கலாம், ஆனால் ஆம்ப் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபெல் சத்தம் என்பது. 100, அதற்கு மேல் என்றால் போனுக்குப் போதும். சில கம்பெனிகள் இதையே ஒரு வோல்ட்டுக்கு என்று கணக்கிட்டுப் பெரிய எண்ணாகப் போடும். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக்கூடாது. 32 ஓம் சாதனத்தில் ஒரே ஹெட்போனுக்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே 15 டெசிபெல் வித்தியாசம் வரும்.

மற்றவற்றைத் தள்ளுங்கள். “20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்” என்பது மனிதக் காது கேட்கும் எல்லை. இருநூறு ரூபாய் ஹெட்செட்டிலும் அதுதான் அச்சடித்திருக்கும். எத்தனை மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்) என்பதும் ஒலியின் தரத்தைச் சொல்லாது. “எக்ஸ்ட்ரா பேஸ்” என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மட்டும் நம்புங்கள், அது பெரும்பாலும் உண்மை. அதனாலேயே நான் விலகிப் போவேன்.

நான்காவது படி: காதில் உட்காருகிறதா?

மலிவு இயர்போனை “பேஸே இல்லை” என்று திட்டுபவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு ரப்பர் மூக்கில்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். துளை முழுக்க அடைபடாவிட்டால் கீழ்ச்சுரங்கள் கசிந்து போய்விடும். பெட்டியில் வரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குப் பெரியது என்று அமைவது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாட்டும்போது மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடித்து உள்ளே விடுங்கள். ஒயரைக் காதுக்கு மேலே சுற்றி இறக்கும் வகையானால், சட்டையில் ஒயர் உரசும் ‘கரகர’ காதுக்கு ஏறுவது குறையும். நடக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

ஏற்காடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு சொந்த அனுபவம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காது இரண்டு மூன்று முறை அடைக்கும். இறுக்கமான இயர்போனோடு உட்கார்ந்திருந்தால் அந்த அடைப்பு இன்னும் எரிச்சலாக இருக்கும், பாட்டும் தூரத்தில் கேட்கிற மாதிரி மங்கும். இயர்போன் கெட்டுவிட்டதோ என்று நான் ஒருமுறை பயந்திருக்கிறேன். வளைவுகளில் கழற்றிவிட்டு எச்சில் விழுங்குங்கள். ஜன்னல் வழியே பார்க்கவும் நிறைய இருக்கிறது.

ஹெட்போனில் பார்க்க வேண்டியது பிடியின் இறுக்கம். கடையில் ஐந்து நிமிஷம் சுகமாக இருப்பது நாற்பது நிமிஷத்தில் தாடை வலியாக மாறும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது படி: கேட்டுப் பார்ப்பது

கேட்டுப் பார்க்க விடும் கடையோ, வைத்திருக்கும் நண்பரோ கிடைத்தால் விடாதீர்கள். கடைக்காரர் போடும் பாட்டில் கேட்காதீர்கள். அவர் அடி அதிரும் பாட்டாகத்தான் போடுவார். மனப்பாடமாகத் தெரிந்த நான்கு பதிவுகளைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள்.

என்னுடைய நான்கு இவை. முதலில் ஒரு மிருதங்கத் தனி: வலந்தலையின் கணீரும் தொப்பியின் ‘கும்’மும் இரண்டு தனித்தனித் தோல்களாகக் கேட்க வேண்டும், எல்லாம் ஒரே ‘தொம்’ என்று குழைந்தால் அங்கேயே கழற்றிவிடுவேன். அப்புறம் ஒரு பெண் குரல், கூடவே ‘ச’, ‘ஸ’ நிறைய வரும் வரிகள். ஊசி குத்தினால் அந்த ஹெட்போனில் ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது. மூன்றாவது நாதஸ்வரமும் தவிலும். மலிவு ஹெட்போன்கள் அநேகமாகத் தோற்கிற இடம் இது, மேல் ஸ்தாயியில் கூச்சலாகிவிடும். கடைசியாக எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்று, அடியில் ஓடும் பேஸ் கிட்டாரைப் பின்தொடர முடிகிறதா என்று பார்க்க.

இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக வைப்பது முக்கியம். கொஞ்சம் உரக்கக் கேட்பதெல்லாம் நன்றாக இருப்பதாகக் காது பொய் சொல்லும். அந்தப் பொய்யை வைத்தே நிறைய வியாபாரம் நடக்கிறது.

ஆறாவது படி: பட்ஜெட்டும் சில பெயர்களும்

விலை வாரத்துக்கு வாரம் மாறும், தள்ளுபடி நாட்களில் தலைகீழாகும், ஆகவே பைசா சுத்தமாகச் சொல்லப் போவதில்லை.

வெளியே எடுத்துப் போக இயர்போன் என்றால், இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி இன்று கிடைக்கும் தரம் பத்து வருஷத்துக்கு முன் கனவு. சீனத்தின் மூன்டிராப் சூ 2, செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ இரண்டும் நிதானமான, குரலை முன்னால் வைக்கும் ஒலி உள்ளவை. இரண்டிலும் ஒயரைக் கழற்றி மாற்றலாம். முதல் சூவில் அது முடியாது, ஆகவே பழைய ஸ்டாக் தலையில் கட்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் மலிவாக வேண்டுமானால் கேஇசட் கம்பெனியின் அடிமட்ட மாடல்கள் உண்டு. அவற்றின் ஒயர் முனை மற்றவற்றின் 0.78 மி.மீ. இரட்டை முனையோடு அப்படியே பொருந்தாது, மாற்று ஒயர் வாங்கும்போது கவனம்.

ஏரியைச் சுற்றி நடக்கவோ சமையலறையில் மாட்டிக்கொண்டு வேலை செய்யவோ ஏதாவது வேண்டுமென்றால் காஸ் போர்ட்டா ப்ரோ. 1984இல் வந்தது, இன்னும் அதே உருவத்தில் விற்கிறார்கள். 60 ஓம், பஞ்சு மெத்தை, திறந்த வகை. மடித்துப் பையில் போடலாம். பக்கத்து சீட்டுக்காரருக்கும் பாட்டுக் கேட்கும் என்பதால் பஸ்ஸுக்கு ஆகாது.

வீட்டுக்கு மூடிய வகை என்றால் ஆடியோ டெக்னிகாவின் ஏடிஎச் எம்20எக்ஸ் நல்ல தொடக்கம். 47 ஓம், போனிலேயே ஓடும். ஒயர் 3 மீட்டர் நீளம், கழற்ற முடியாது. மேஜையில் உட்காருபவருக்கு வரம், நடமாடுபவருக்குச் சாபம். திறந்த வகையில் பிலிப்ஸ் எஸ்எச்பி 9500 கிடைத்தால் விடாதீர்கள்: 32 ஓம், இலகுவான பிடி, ஒயரையும் கழற்றலாம். சூப்பர்லக்ஸ் எச்டி 681, சாம்சன் எஸ்ஆர் 850 இரண்டும் அரைத்திறப்பு வகை, அதைவிட மலிவு. ஆனால் மேல்ச்சுரம் காரமாக இருக்கும். கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற இலவச ஈக்வலைசர்களில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் மென்பொருள்) 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று நான்கு டெசிபெல் இறக்கினால் அந்தக் காரம் அடங்கும். இப்படிச் சரிசெய்யத் தயார் என்றால் இவைதான் காசுக்கு மேல் கொடுப்பவை.

வெளியே, வீட்டில் இரண்டுக்கும் ஒன்றாக ஒரே சாதனம் வேண்டும் என்பவருக்கு என் பதில், மூவாயிரத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டாயிரத்துக்குள் நல்ல இயர்போன் ஒன்று. மீதியைச் சேர்த்து வைத்து, அடுத்த வருஷம் வீட்டுக்கென்று ஹெட்போன் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது பில் கட்டாயம். இயர்போன்களைச் சுகாதாரக் காரணம் காட்டித் திரும்ப எடுக்க மாட்டார்கள் பல கடைக்காரர்கள், அந்த விதியை முன்கூட்டியே படித்துவிடுங்கள். பிரபல மாடல் பாதி விலையில் கிடைத்தால் டூப்ளிகேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் எவ்வளவு வைக்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெலுக்குப் போனால் அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகிறது. பஸ் சத்தத்தை அமுக்கத்தான் நாம் எல்லோரும் ஏற்றுகிறோம். அடைக்காத ஹெட்செட்டோடு தினமும் ஒரு மணி நேரம் டவுன் பஸ்ஸில் போகிறவர் தெரியாமலே இந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார். நல்ல அடைப்புள்ள இயர்போன் போட்டால் வால்யூம் தானாகவே இறங்கும். சேலம் ஐந்து ரோடு சந்திப்பைக் கடக்கும்போது மட்டும் இரண்டையும் கழற்றிப் பாக்கெட்டில் போடுங்கள், வண்டி ஓட்டும்போது பேச்சே இல்லை.

கடைசியாக, பாதுகாப்பும் ரிப்பேரும்

ஒயர் சாதனம் சாவது அநேகமாகப் பின்னுக்குப் பக்கத்தில்தான். போனைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், ஒயரைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்து இழுங்கள். ஏற்காட்டின் பனிமூட்டத்தில் இயர்போன் மூக்கின் வலையில் ஈரம் கோத்து ஒரு பக்கம் சத்தம் குறையும். காதழுக்கும் அதையே செய்யும். காய்ந்த பிரஷ்ஷால் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துடையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் இயர்போன் டப்பாவில் வையுங்கள்.

பின் போனால் மாற்றலாம். மைக் உள்ள நான்கு வளையப் பின்னில் நுனி இடது, அடுத்தது வலது, அதற்கடுத்தது கிரவுண்ட், கடைசி மைக்; இன்றைய போன்களில் இதுதான் வரிசை. ஒயருக்குள் சிவப்பு பெரும்பாலும் வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறத்தில் இருப்பது கிரவுண்ட். அந்த மயிரிழைக் கம்பிகளின் மேல் எனாமல் பூச்சு உண்டு. அதைச் சூட்டில் எரித்து எடுக்காமல் ஈயம் ஒட்டவே ஒட்டாது, முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் தோற்பது இங்கேதான்.

நானும் தோற்றேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்யும் ஒருவர் பழக்கம். முத்து முத்தாகப் பற்றவைப்பவருக்கு இது எம்மாத்திரம் என்று கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒயரைப் பார்த்தார். “தம்பி, நாங்க பொடி வெச்சு ஊதுறோம், இது ஊதுனா ஆவியாப் போயிரும்” என்று சிரித்தார். ஆனாலும் விடவில்லை. தீக்குச்சியைக் கிழித்துக் கம்பி நுனியை ஒரு நொடி காட்டி எடுத்து, துணியில் துடைத்து, “இப்ப ஈயம் வெச்சுப் பாருங்க” என்றார். வீட்டுக்கு வந்து பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கினேன். ஈயம் ஒட்டிக்கொண்டது. அந்த இயர்போன் இப்போதும் ஓடுகிறது.